ஆணித் துளை இல்லாத லாடம்

என் வீட்டுக்காரருக்கு அந்தக் கடிகாரத்தின் மேல் இருந்த பிரியம் என் மேல் இருந்ததா என்று அவரிடமே பல முறை கேட்டிருக்கிறேன். சிரிப்பாரே தவிர பதில் சொல்ல மாட்டார். கூட்ஸ் வண்டியில் கார்டு உத்தியோகம் கிடைத்தபோது ரயில்வே கம்பெனி அவர் கையில் கொடுத்த கடிகாரம் அது. கறுப்பு இரும்புக் கூடு, வெள்ளை முகம், கோட்டுப் பையில் மாட்ட ஒரு சங்கிலி. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இருக்கிற நாளிலும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம் அது. ராயபுரத்தில் கார்டு வேலை என்றால் பெரும்பாலும் சட்டைக்காரர்களுக்கு, அதாவது ஆங்கிலோ இந்தியர்களுக்குத்தான். எங்கள் ஆட்களுக்கு யார்டில் வண்டி கோக்கிற வேலை, கரி அள்ளுகிற வேலை, மூட்டை தூக்குகிற வேலை. இவரும் யார்டில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே குனிந்து கொக்கி மாட்டியவர்தான். அதிலிருந்து ஏறி, கொடியும் விளக்கும் பிடித்துக்கொண்டு கடைசி வண்டியில் நிற்கிற ஆளாக ஆனபோது எங்கள் சந்து முழுவதற்கும் பெருமை. ஆனால் அப்போதுதான் கம்பெனி எல்லா இடத்திலும் ஆள்குறைப்பு என்று ஆரம்பித்திருந்தது. வேலையில் இருந்தவன் வீட்டில்தான் பயம் அதிகமாக இருந்தது.

நாங்கள் கல்மண்டபத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில் குடியிருந்தோம். ஓடு போட்ட இரண்டு அறை. முன் அறையில் இருதய ஆண்டவர் படம், அதன் கீழே ஒரு பலகை, பலகையில் ஒரு சின்ன விளக்கு. எங்கள் கல்யாணமாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அந்த வீட்டுக்குத்தான் என் நாத்தனார் வந்து சேர்ந்தார்.

அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. தாய் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் கட்டுமரத்தில் போனவன். ஒரு நாள் மரம் மட்டும் கரைக்கு வந்தது. பிள்ளை இல்லை. போனவனுக்காக அழுது முடிப்பதற்குள் கொழுந்தன் வீட்டில், இவள் காலடி வைத்த நேரம்தான் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச காலம் அங்கே வாசலில் படுத்துக் கிடந்தார். பிறகு ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். "நைனா, இருக்கட்டுமா?" என்று தம்பியைக் கேட்டார். இவர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அவ்வளவுதான் பேச்சு.

எனக்குப் பிடித்ததா என்று கேட்டால், முதலில் பிடிக்கவில்லை. சத்தமாகப் பேசுவார். என் சமையலில் உப்பு போதாது என்பார். ஆனால் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை. விடிவதற்கு முன்பே காசிமேட்டுக் கரைக்குப் போய்க் கூடையில் மீன் எடுத்து வந்து தெருத் தெருவாக விற்பார். கடைசியில் மிஞ்சுகிற நல்ல மீனை வீட்டுக்குக் கொண்டு வருவார். அதில் கெட்டதை விற்றுவிட்டு நல்லதைத் தம்பிக்கு ஒளித்து வைத்தாரோ என்று எனக்குச் சந்தேகம். போகப் போக அவர் திட்டினால்தான் வீடு வீடாக இருக்கிறது என்கிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

ஒரு நாள் மீன் கூடையில் ஒரு லாடத்தைப் போட்டு எடுத்து வந்தார். துறைமுகச் சுவரோரம் கப்பலில் கழித்த சங்கிலி, திருகாணி, பித்தளைக் குழாய் எல்லாம் பரப்பி விற்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் தலையில் கட்டியிருக்கிறான். லாடம் என்றால் லாடம் மாதிரியும் இல்லை. வளைவு சரிதான், ஆனால் கட்டை விரல் பருமன், வழவழப்பு, ஓரிடத்தில்கூட ஆணித் துளை இல்லை.

"இன்னாம்மே, மூஞ்ச சுளிக்கிற? இது தொர வூட்டு குதிர லாடம். ஆணியே வேணாமாம். கால்ல தானா ஒட்டிக்குமாம்" என்றார் அக்கா. நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"குதிர காலு இன்னா இரும்பா அக்கா, தானா ஒட்டிக்க?"

"நீ பாத்தியா? தொர வூட்டு குதிரைய நீ பாத்தியா?"

நான் பார்த்ததில்லை. அவர் ஒரு ஆணியை எடுத்து அதன் பக்கத்தில் நீட்டினார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. கான்வென்ட்டில் ஐந்தாவது வரை படித்தவள் நான். சிஸ்டர் ஒரு முறை மேசை மேல் இதே வித்தையைக் காட்டியிருக்கிறார். இது லாடம் இல்லை அக்கா, காந்தம் என்று சொன்னேன்.

"இருந்துட்டு போவுது. லாடம் வூட்ல இருந்தா நல்லது. காந்தம்னா இழுக்கும். ரெண்டும் ஒண்ணா கீதுன்னா இன்னும் நல்லதுதானே? நல்லத எல்லாம் இழுத்துகினு வரட்டும்."

சந்தில் பாதி வீட்டு நிலைப்படியில் ஜட்கா குதிரையின் தேய்ந்த லாடம் அடித்திருந்தார்கள். எங்கள் லாடத்தில் ஆணி அடிக்கத் துளை இல்லாததால் அக்கா அதைக் கயிற்றில் கட்டி இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே தொங்கவிட்டார். அவர் எதற்காக அதை வாங்கினார் என்பது எனக்கு அப்போதே தெரியும். எங்கேயோ போய் எதையோ கெடுத்துவிட்டு வந்தவள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது, இந்த வீட்டுக்குத் தன் கையால் ஒரு நல்லது வர வேண்டும் என்கிற தவிப்பு. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் உண்டாயிற்று. இவர் வேலையிலிருந்து வந்ததும் அக்கா கையை நீட்டுவார். கடிகாரத்தை வாங்கிச் சங்கிலியோடு லாடத்தின் பக்கத்து ஆணியில் மாட்டுவார். மாட்டின உடனே கடிகாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிளிக் என்று லாடத்தோடு ஒட்டிக்கொள்ளும். "பாரு, அதுக்கே ஆச!" என்று அக்கா சிரிப்பார். வீட்டிலிருந்த ஊசி, கத்திரிக்கோல், சாவி எல்லாம் அதில்தான் ஒட்டிக்கொண்டு தொங்கின. எனக்கும் தேடுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் எங்கள் மாதா கோயில் மணி தாமதமாக அடிக்க ஆரம்பித்தது. அதாவது நாங்கள் அப்படி நினைத்தோம். இவருக்கு ஓய்வு நாள் என்றால் கடிகாரம் சுவரில் இருக்கும். அதில் பன்னிரண்டு தாண்டி வெகு நேரம் கழித்துத்தான் கோயிலில் நண்பகல் மணி அடிக்கும். அக்காவுக்குப் பொறுக்காது. மணியடிக்கிற பெரியவர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், "இன்னா பெரியவரே, கயித்த புடிச்சிகினே தூங்கிட்டியா? கம்பெனி கடியாரத்துல பன்னண்டு எப்பவோ ஆயிச்சு!" என்பார். அவருக்குக் காது மந்தம். ஆசீர்வாதம் கேட்கிறாள் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டுப் போவார். கம்பெனிக் கடிகாரம் தப்பாக இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகுதான் வேலையில் பிரச்சினை வந்தது. கூட்ஸ் வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று கார்டு எழுத வேண்டும். கூடூர் போய் வந்த வண்டியில் இவர் எழுதிய நேரமும் ஸ்டேஷன் மாஸ்டர்கள் எழுதிய நேரமும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள் என்று மேலதிகாரி சொல்லி அனுப்பினார். இவர் மண்ணடியில் கடிகாரம் பழுது பார்க்கிற பாயிடம் கொண்டுபோய்ச் சரி செய்துகொண்டு வந்தார்.

"இன்னா ஆச்சாம்?" என்று அக்கா கேட்டார்.

"டைனமோ பக்கம் எங்கயாவது நின்னியான்னு கேட்டாரு. அதும் பக்கம் போனா கடியாரம் கெட்டுடுமாம். நான் எதுக்கு அங்க போறேன்?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது பவர் ஹவுஸ் ஓரமாத்தான் வண்டி போவுது. அதுவாத்தான் இருக்கும்" என்று தானே முடிவு கட்டினார்.

அதன் பிறகு அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. வண்டி பவர் ஹவுஸை நெருங்கும்போது கடிகாரத்தைக் கம்பளித் துணியில் சுற்றி, மறுபக்கத்து இடுப்பில் வைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாராம். அப்படிப் பொத்திப் பொத்திக் கொண்டு வந்து வீட்டில் அக்கா கையில் கொடுப்பார். அக்கா அதைக் காந்தத்தில் மாட்டுவார். டைனமோ சுற்றுகிறது, சத்தம் போடுகிறது. பார்த்தாலே விலகி நிற்கத் தோன்றும். சாமி படத்துக்குக் கீழே சும்மா தொங்குகிற இரும்பை யார் சந்தேகப்படுவார்கள்?

இரண்டாவது முறை வந்தது பெரிய அடி. கடிகாரம் பழுது பார்த்து வந்தது என்கிற தைரியத்தில் இவர் ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டரோடு சண்டை போட்டிருக்கிறார். உங்கள் சுவர்க் கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது, என்னுடையது புதிதாகச் சரி செய்தது என்று. அந்த மாஸ்டருடைய கடிகாரமோ தினமும் தந்தியில் வருகிற மணிக்குச் சரிபார்த்து வைத்தது. சண்டை மேலே போயிற்று. இந்த கார்டு வண்டியில் தூங்கிவிட்டு எழுந்து வாய்க்கு வந்த நேரத்தை எழுதுகிறான் என்று ஆகிவிட்டது. விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்றார்கள். அவர் தூங்குகிறவர் இல்லை. மழையிலும் குளிரிலும் அந்தக் கடைசி வண்டியில் கண் கொட்டாமல் நின்றவர். வேலை போய்விடுமோ என்பதைவிடத் தூங்கினேன் என்று சொன்னார்களே என்பதுதான் அவரைச் சாப்பிட விடவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் பேச்சு ஆரம்பித்தது. "அந்தப் பொம்பள போன எடமெல்லாம் இப்படித்தான்" என்று பக்கத்து வீட்டுக்காரி என் காது கேட்கவே சொன்னாள். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவள் வீட்டுக்காரர் வேலை போனபோது எந்தப் பொம்பளை வந்திருந்தாள் என்று கேட்டேன். என் வாய் அப்படி. ஆனால் குழாயடியில் அடைத்த வாயை என் வீட்டுக்குள் அடைக்க முடியவில்லை.

ஒரு சாயங்காலம் அக்கா தம்பிக்குச் சோறு போட்டு, வஞ்சிர மீன் துண்டை எடுத்து வைத்தார். இவர் தட்டைத் தள்ளினார். சாப்பிடு நைனா, எல்லாம் சரியாப் போய்விடும் என்று அக்கா சொன்னார்.

"இன்னா சரியாவும்? நீ வந்ததுலேர்ந்து இந்த வூட்ல ஒண்ணும் வெளங்கல. உன் ராசி அப்படி."

சொன்ன பிறகு அவருக்கே முகம் மாறிவிட்டது. அக்கா தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்திவிட்டு, மீனில் முள் எடுத்து வைத்துவிட்டு, பின் அறைக்குப் போய்விட்டார். இவரைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். குனிந்து உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்த்ததும் அதுவும் வரவில்லை. பயந்துபோன ஆள் கையில் கிடைத்ததை எடுத்து எறிவார். இவர் கையில் அந்த வார்த்தைதான் கிடைத்தது.

மறுநாள் காலையில் அக்கா மீன் எடுக்கப் போகவில்லை. தகரப் பெட்டியை இழுத்து வைத்துப் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா?"

"குப்பத்துக்குத்தான். சாயங்காலம் எண்ணூர் வண்டி கீதுல்ல."

"கொழுந்தன் வூட்டுக்கா? உள்ளயே வுட மாட்டாங்களே."

"வாசல் கீதே, போதும். நான் கீற எடத்துல தம்பிக்கு வேல போச்சுன்னா அப்புறம் நான் இருந்து இன்னா, போய் இன்னா. நீ ஒண்ணும் நெனைக்காத. அவன் மேல கோவமே இல்ல எனக்கு. அவன் சொன்னது மெய்தான்."

அவர் கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். மெய்தான் என்று சொன்னதுதான் தாங்கவில்லை. அந்த வார்த்தையை அவர் நம்பிவிட்டார். முகத்துவாரக்குப்பத்தில் அவர்கள் சொன்னபோது கொஞ்சம் நம்பியிருப்பார். இடுப்பில் வைத்து வளர்த்தவன் சொன்னதும் முழுவதும் நம்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவரிலிருந்து கடிகாரத்தைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு மண்ணடிக்குப் போனேன். பாயிடம் சண்டை போட வேண்டும், சரி செய்தேன் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு ஏன் ஏமாற்றினாய் என்று கேட்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

பாய் கடை ஒரு ஆள் உட்காருகிற அகலம். கண்ணில் கண்ணாடிக் குழாயைச் சொருகிக்கொண்டு, நான் திட்டி முடிக்கும்வரை நிமிரவே இல்லை. பிறகு கையை நீட்டினார். ஒரு சின்ன திசைகாட்டியை மேசையில் வைத்துக் கடிகாரத்தை மெல்ல அதன் பக்கம் நகர்த்தினார். வடக்கே பார்த்துக்கொண்டிருந்த முள் நடுங்கி, திரும்பி, கடிகாரத்தைப் பார்த்து நின்றது.

"நான் இதுல ஏறின காந்தத்த ஒழுங்காத்தான் எறக்கிக் குடுத்தேம்மா. மறுபடியும் காந்தம் ஏறிக்கினு வந்துகீது. அவருகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே, டைனமோகிட்ட போவாதன்னு."

"அவரு போவல பாய். காந்தம் ஏறினா இன்னா ஆவும்?"

மூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாயை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஒரு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு எஃகுச் சுருள். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டு இருக்க வேண்டியது, ஓரிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்த முடி ஒட்டிக்கொள்கிற மாதிரி.

"சுருளு முழுசா விரிஞ்சு சுருங்கினா மணி சரியா போவும். ஒட்டிக்கினா சுருளு குட்டையாயிடும். குட்டையானா சக்கரம் அவசரமா ஆடும். முள்ளு ஓட்டமா ஓடும். ரொம்ப ஒட்டிக்கினா நின்னே பூடும்" என்றார் பாய்.

அப்படியானால் கோயில் மணி தாமதமாக அடிக்கவில்லை. எங்கள் கடிகாரம்தான் முந்தி ஓடியிருக்கிறது. எனக்கு அந்தப் பெரியவர் கையைத் தூக்கி ஆசீர்வதித்தது நினைவுக்கு வந்தது.

பாய் கடிகாரத்தை ஒரு முறுக்கிய நூலில் கட்டித் தொங்கவிட்டார். நூல் பிரியப் பிரியக் கடிகாரம் பம்பரமாகச் சுழன்றது. மேசைக்குக் கீழே குனிந்து எதையோ எடுத்து, சுழல்கிற கடிகாரத்தின் அருகே பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துக்கொண்டே போனார். கடைக்கு வெளியே தெருவில் இறங்கும்வரை போனார். "எது ஏத்துச்சோ அதேதான் எறக்கும். சுத்திகினே இருக்க சொல்ல காந்தத்த மெதுவா தூரமா எடுத்துகினு பூடணும்" என்றார்.

நான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அவர் கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வளைவு. கட்டை விரல் பருமன். ஆணித் துளை இல்லை.

"இது இன்னா பாய்?"

"மோட்டார் வண்டி இஞ்சின்ல வர்து. கப்பல் லாஞ்சுல கூட கீது. பழைய சாமான்காரன்கிட்ட வாங்கினேன். ஏன், வூட்ல இந்த மாதிரி எதுனா கீதா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று கடிகாரத்தை வாங்கி இந்த முறை மடியில் கட்டாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். டிராமில் ஏறவில்லை, யோசிக்க வேண்டியிருந்ததால் வெயில் தாழும்வரை சுற்றி நடந்தேன். வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் லாடத்தைக் கழற்றிக் கடலில் எறிந்துவிடலாம். கடிகாரம் சரியாகிவிடும். ஆனால் அக்கா இன்று சாயங்காலம் கிளம்பிவிட்டால், அவள் போனதும் கடிகாரம் சரியாகிவிட்டது பார் என்று சந்து முழுவதும் சொல்லும், என் வீட்டுக்காரரும் நம்புவார், அக்காவும் நம்புவார். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், கடிகாரத்தைக் கெடுத்த பொருளை வாங்கி வந்ததும் அக்கா, தினமும் தம்பி கையிலிருந்து பிடுங்கி அதில் மாட்டியதும் அக்கா. ராசி காரணமில்லை என்று நிரூபிக்கப் போய்க் கை வைத்தவள் இவள்தான் என்று நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். காந்தத்தின் மேல் வந்த கோபத்தைவிட அந்தப் பழைய சாமான்காரன் மேல் எனக்குக் கோபம் வந்தது. துரை வீட்டுக் குதிரையாம்.

வேலை என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். விசாரணை நாளன்று பாய் தன் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு தானே ராயபுரத்துக்கு வந்தார். எங்கள் காந்தத்தை வைத்து, முள் திரும்புவதையும் கடிகாரம் வேகமாக ஓடுவதையும் அதிகாரிக்குக் காட்டினார். அதிகாரி இரண்டு முறை செய்து காட்டச் சொல்லிப் பார்த்தாராம். இவருக்கு வேறு கடிகாரம் கொடுத்து வேலைக்கு அனுப்பினார்கள். தூங்கினான் என்கிற பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை. காந்தத்தைப் பாயே வைத்துக்கொண்டார். ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

அக்கா பெட்டியைப் பூட்டி வாசற்பக்கம் வைத்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றார். இவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் மனசில்லை. அப்படி உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன். என் குரலே எனக்கு வேறு மாதிரி இருந்தது. கடிகாரத்தைக் கையில் பிடித்து லாடத்தின் பக்கம் கொண்டுபோனேன். அது தாவப் பார்த்தது. ஒட்டவிடாமல் பின்னால் இழுத்துக்கொண்டேன். பாய் சொன்னது, திசைகாட்டி முள் திரும்பியது, சுருள் ஒட்டிக்கொண்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பவர் ஹவுஸ் இல்லை, இதுதான் என்றேன்.

இவர் மெல்லத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். இப்போது ஒரு வார்த்தை தவறாக வந்தால் அக்கா அந்த வாசற்படியைத் திரும்ப மிதிக்க மாட்டார்.

அக்கா எழுந்து லாடத்தைக் கயிற்றோடு கழற்றினார். அதில் ஒட்டியிருந்த ஊசிகளோடும் கத்திரிக்கோலோடும் கையில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப இதுதானா? இந்த இரும்புதானா?"

"ஆமா அக்கா."

"நான் இல்லியா?"

"நீங்க இல்ல அக்கா."

"நல்லா கேட்டியா பாய்கிட்ட? நான் இல்லியா?"

புருஷன் போனபோது எப்படி அழுதாரோ, எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதார். தரையில் உட்கார்ந்து, அந்த இரும்பை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சத்தமாக அழுதார். நான் வழியெல்லாம் எதற்குப் பயந்தேனோ அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. தான் வாங்கி வந்தது, தான் மாட்டியது என்பதெல்லாம் அவர் காதில் விழவே இல்லை போலிருந்தது.

"இரும்புன்னா கெணத்துல தூக்கிப் போட்டுடலாம் நைனா" என்றார், மூக்கைச் சிந்திக்கொண்டே. "என் ராசின்னு சொல்லிட்டியே, அத நான் எங்க கொண்டு போய் போடுவேன்? குப்பத்துக்குப் போனாலும் அது என் கூடத்தானே வரும்?"

என் வீட்டுக்காரர் எழுந்தார். மன்னித்துக்கொள் என்று சொல்ல அவருக்கு வரவில்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அப்போது அந்த வார்த்தை பழக்கமில்லை. வாசற்பக்கம் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடு அறையில் வைத்தார். அக்காவின் இடுப்பிலிருந்து சாவியை இவரே எடுத்துத் திறந்தார். புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் அடுக்க ஆரம்பித்தார். கண்ணீர் அவர் மீசையில் இறங்கிச் சொட்டியது. துடைக்கவில்லை.

சந்தின் முனையில் எண்ணூர் வண்டி கூவிக்கொண்டு போயிற்று.

அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவாடா" என்றார். "மடிப்பு கலையுது."